நாளைப்போவாரின் பாட்டும் அதைப் பாடியோரும்

கடலூர் முதுநகரைக் கடந்து தெற்கே சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிப்காட் தொழிற்பேட்டை நீண்டு கிடக்கிறது. 1980களில் உருவான அதன் இரசாயன ஆலைகளுக்கும் அவற்றை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்களுக்கும் இடையே வேலிகள் மட்டுமே உள்ளன. வயலையும் உப்பங்கழியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் இன்று ஆலை வாயில்களில் ஒப்பந்தக் கூலிகளாக நிற்கின்றனர். இச்சாலையின் மறுமுனையில் தில்லைக் கோபுரங்கள். ஆலைகளும் கோபுரங்களும் அமைந்த இந்நிலப்பகுதிக்கு உரிய கதை ஒன்று உண்டு. பண்ணையாளாகிய நந்தன் தில்லையைக் காண ஏங்கி, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லியே நாட்களைக் கழித்த கதை அது.

தமிழ் மக்களின் வெகுசன இசை எவ்வாறு உருவாயிற்று என்று கேட்போர் பெரும்பாலும் திரைப்பட இசையமைப்பாளர்களின் பெயர்களை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றனர். நாம் அவ்வாறு செய்யப் போவதில்லை. ஒரே ஒரு கதையின் பாட்டுகள் காலட்சேப மேடையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து இசைத்தட்டுக்கும், அங்கிருந்து வெள்ளித்திரைக்கும் சென்ற வழியைப் பின்தொடர்வோமாயின், இசைவாணரும் வணிகரும் சேர்ந்து ஒரு மக்களின் செவியை எவ்வாறு பழக்கினர் என்பது விளங்கும். அத்தோடு, யாருடைய துயரம் பாடப்பட்டதோ அவருக்கு அப்பாட்டால் என்ன வந்தது என்ற கேள்வியும் எழும். அக்கேள்வி திருச்சபையையும் விட்டுவைப்பதில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு சுருக்கமானதே. கொள்ளிடக்கரை ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்த அடியார் அவர். திருப்புன்கூரில் நந்தி விலக இறைவனைக் கண்டார். அங்கே குளம் வெட்டினார். பின்னர்த் தில்லையில் தீயினுட் புகுந்து வேதியர் வடிவோடு வெளிப்பட்டார். இவ்வரலாற்றில் பலரும் எளிதாகக் கடந்துசெல்லும் செய்தி ஒன்றுண்டு. கோயில்களில் முழங்கும் பேரிகை முதலிய தோற்கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர் இவரே என்கிறார் சேக்கிழார். இசை உள்ளே ஒலித்தது. அவ்விசைக்கு உடல் தந்தவர் வெளியே நின்றார். தமிழ் இசை வரலாறு எழுதுவோர் இந்த ஓரிடத்தைத் தொடக்கமாகக் கொண்டாலும் தவறில்லை என்பது நம் எண்ணம்.

சேக்கிழாரிடம் நந்தனாருக்கு ஆண்டை எவரும் இல்லை. ஆண்டையைப் படைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டினரான கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயூரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 1896இல் மறைந்த இப்பிரமசாரி, தஞ்சைத் தரணியின் பண்ணை முறையைக் கண்ணாரக் கண்டவர். ஆகவே அவருடைய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள் ஆனான். தில்லைக்குப் போக உத்தரவு கேட்டவனிடம் நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று வேதியர் சொல்கிறார். ஒரே இரவில் அது தெய்வச் செயலால் முடிகிறது. ஈற்றில் ஆண்டையே அடிமையின் முன் பணிகிறார். புராணத்தில் இல்லாத இப்பகுதியே மக்களைக் கவ்விப் பிடித்தது. காரணம் எளிது. நாற்பது வேலியும், உத்தரவு கேட்டு நிற்கும் ஆளும், மறுக்கும் எசமானும் கேட்போர் ஒவ்வொருவரும் அன்றாடம் கண்டவை.

நாகப்பட்டினத்துச் செல்வர் கந்தப்பச் செட்டியாரின் ஆதரவில் இது காலட்சேபமாக அரங்கேறியது. புலமை உலகம் உடனே வரவேற்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதன் இலக்கண வழுக்களைக் கருதிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பதும், பாரதியார் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடிய பாட்டில் உருகியே இசைந்தார் என்பதும் உ. வே. சாமிநாதையர் நமக்கு விட்டுச்சென்ற செய்திகள். 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே என்பவரின் உதவியால் நூல் அச்சேறியது. பக்தி நூல் ஒன்றை அச்சுக்குக் கொண்டுவர அயல்நாட்டு அதிகாரி முன்வந்ததே அது எத்துணை பரவியிருந்தது என்பதற்குச் சான்று. பின்னர்த் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராட்டிய மரபைத் தழுவிச் செப்பனிட்ட அரிகதை மேடையில் நந்தனார் கதை தலையாய இடம் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆடவர்க்கே உரியதாயிருந்த அம்மேடையில் ஏறிய சி. சரஸ்வதி பாயும் அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்.

மேடையில் கதை கேட்டு அழுதவர்கள் பலர் நிலவுடைமையாளர்கள். அழுது முடித்து வீடு திரும்பியபோது அவரவர் பண்ணையாள் புழக்கடையிலேயே நின்றான். இதைச் சொல்வதால் பாரதியாரின் பெருமை குறையாது. ஒரு பாட்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

கிராமபோன் நிறுவனம் 1902இல் கல்கத்தாவில் முதன்முதலாக இந்தியப் பாடகர்களின் குரலைப் பதிவு செய்தது. 1908இல் அங்குள்ள சியால்தாவில் இசைத்தட்டு ஆலை எழுந்தது. தென்னாட்டில் இவ்வணிகம் விரைவில் வேரூன்றியது. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த ஏ. வி. மெய்யப்பன், பின்னாளில் ஏவிஎம் என்ற மூன்றெழுத்தால் அறியப்பட்டவர், சரசுவதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் இசைத்தட்டுகளை விற்றே இசைத் தொழிலில் காலூன்றினார். இசைத்தட்டு செய்த மாற்றம் ஒன்றை வரலாற்றாசிரியர் போதிய அளவு கவனிக்கவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாட முடியும். இரவு முழுவதும் நீண்ட காலட்சேபம் மூன்று நிமிடத் துண்டுகளாகச் சிதறியது. கதை போயிற்று, பாட்டு நின்றது. நாற்பது வேலியும் ஆண்டையும் தட்டில் இடம் பெறவில்லை. நந்தன் மன்றாடும் பாட்டுகளும் தில்லையை எண்ணி ஏங்கும் பாட்டுகளும் தனித்தனி பக்திப் பாடல்களாகி, கச்சேரியின் பிற்பகுதியில் பாடப்படும் துக்கடாக்களாயின. பண்ணையடிமையின் விண்ணப்பம் எந்த வீட்டுக் கூடத்திலும் எவர் மனத்தையும் உறுத்தாமல் ஒலிக்கத்தக்க இனிய இராகமாயிற்று. வணிகர் எவரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. தட்டின் நீளமே அதைச் செய்துவிட்டது.

பேசும் படம் வந்தபின் கதை மீண்டும் உயிர்பெற்றது. 1935இல் வணிகர் அசன்தாஸ் எடுத்த ‘பக்த நந்தனா’ரில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் வறுமையில் பிறந்து, இரயில் பெட்டிகளில் பாடிய சிறுமியாக அறியப்பட்டு, நாடக மேடையில் புகழ் பெற்றவர் அவர். 1933இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தபின் வெள்ளாடை உடுத்தி மேடையை விட்டு விலகியிருந்தார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்ற அவரது உறுதிக்கு ஆண் வேடமே பொருந்தியது. இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். அக்காலத்தில் இந்தியாவில் எந்த நடிகரும் கேட்டறியாத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர்.

இதிலுள்ள முரணை நம் வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஆடவர் வேடமிட்ட ஒரு கைம்பெண், தீண்டப்படாதவராக நடித்து, இலட்ச ரூபாய் பெற்று, பார்ப்பன வித்துவான் ஒருவரைத் தம் முன் பணியச் செய்கிறார். திரை இதை அனுமதித்தது, ஊர் அனுமதித்திருக்காது. படம் கலையளவில் வெற்றி பெற்றதா என்பது வேறு. கல்கி ஆனந்த விகடனில் அதை நையாண்டி செய்தே எழுதினார். ஆனால் சுந்தராம்பாளின் அந்த உச்சக்குரல், ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பழகிய குரல், சாதி பாராமல் எல்லாச் செவிகளிலும் ஏறியது. 1958இல் அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். திரைத்துறையிலிருந்து இந்நாட்டுச் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்தவருள் முதல்வர் அவரே. 1980இல் மறைந்தார்.

விகடனின் உரிமையாளரான எஸ். எஸ். வாசன் பின்னர்ப் பட அதிபரானார். 1942இல் அவரது ஜெமினி நிறுவனம் அதே கதையைப் படமாக்கியது. முருகதாசா இயக்கிய அப்படத்தில் நந்தனார் எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. பாடல்களைப் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் இயற்றினர். வாசன் மக்களின் நாடித்துடிப்பை அறிந்த வணிகர். வைத்தியநாதையர் 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்று மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. 1927இல் சிதம்பரம் வந்த காந்தியடிகள் நந்தனாரைத் தன்னை வருத்தித் தடைகளை வென்ற சத்தியாகிரகியாகவே எடுத்துக்காட்டியிருந்தார். காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதை வாசன் உணர்ந்தே பாயை விரித்தார்.

தேசிகரைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது தகும். திருச்செங்காட்டங்குடியில் தேவாரம் ஓதும் மரபில் பிறந்தவர். இந்நிலப்பகுதியோடு அவருக்கு நேர்த் தொடர்பும் உண்டு. பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை தாங்கியவர். அப்பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியாரை இசைத்துறையின் பெருவணிகர் என்று சொல்வது பொருந்தாது. எனினும் வங்கித் தொழிலில் ஈட்டிய பொருளை இசைக்குத் திருப்பியவர் அவர். கச்சேரி மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகளே நிறைந்து தமிழ்ப் பாட்டு துக்கடாவாகத் தள்ளப்பட்டதைக் கண்டு, பரிசுத்தொகை அறிவித்து, 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. சென்னை சங்கீத வித்வத் சபை எதிர்த்தது. இராஜாஜியும் கல்கியும் சர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் தமிழ் பக்கம் நின்றனர். தில்லையைச் சூழ்ந்த சீர்காழி மூவரின் பாடல்களும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாடல்களும் இவ்வியக்கத்தால் மீண்டும் மேடை கண்டன.

1946இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் தேசிகர் தமிழில் பாடினார். அதனால் அவ்விடம் தீட்டுப்பட்டுவிட்டதாகக் கூறப்பட்டது. அதைக் கண்டித்து இளைஞராயிருந்த மு. கருணாநிதி ‘குடிஅரசு’ இதழில் ‘தீட்டாயிடுத்து’ என்ற தலைப்பில் எழுதினார். நான்காண்டுகளுக்கு முன் திரையில் தீட்டுக்குரியவராக நடித்தவரை, வேடம் கலைத்த பின்னும் அச்சொல் தொடர்ந்து வந்து பிடித்தது. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. தமிழிசை இயக்கம் மொழியைப் பற்றிய இயக்கம். எம்மொழியில் பாடுவது என்று அது கேட்டது. யார் பாடுவது, தோலுக்கும் நரம்புக்கும் உரியவர் அம்மேடையில் எங்கே அமர்வது என்று அது கேட்டதாகத் தெரியவில்லை.

அக்கேள்வியை அதே சிதம்பரத்தில் வேறொருவர் செயலாகவே கேட்டிருந்தார். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் அங்கே பள்ளி தொடங்கினார். 1959இல் மறையும்வரை, சட்டமன்ற உறுப்பினராயிருந்த காலத்திலும், அக்கல்விப்பணியே அவர் மூச்சு. இசைத்தட்டுகளும் படங்களும் நந்தனின் ஏக்கத்தைப் பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நந்தனின் பேரப்பிள்ளைகள் அப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தனர். திரையுலகில் இக்கருத்துக்கு நெருங்கி வந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபம் நந்தனார் கதையையே தலைகீழாக்கியது. உடுமலை நாராயணகவியின் கைவண்ணத்தில் அமைந்த அக்கதையில் நாயகன் ஏங்குவது கோயிலுக்கன்று, படிப்புக்கு. அவனைக் கொண்டு செல்வது தெய்வமன்று, இரயில் வண்டி. சிரித்துக்கொண்டே கேட்ட மக்கள் பாரதியாரின் அமைப்பையும் மெட்டு நடையையும் அறிந்திருந்ததால்தான் சிரிக்க முடிந்தது.

நம் சபைகளின் நிலை என்ன? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடித் தந்த கீர்த்தனைகளின்றித் தமிழ்த் திருச்சபையின் வழிபாட்டை நினைத்துப் பார்க்கவும் இயலாது. காலட்சேப வடிவையும் குறவஞ்சியையும் கிறிஸ்தவ அறிவிப்புக்கு ஆக்கித் தந்த மேதை அவர். ஆயின் நற்கருணைப் பந்தியில் சாதி வேற்றுமை கூடாது என்று 1820களில் புதிய மிஷனரிகள் வற்புறுத்தியபோது அதை எதிர்த்து நின்றவர்களுள் அவரும் ஒருவர்; 1829இல் அதன்பொருட்டு நூலும் எழுதினார். பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதிப் பிரிவு அறவே நீங்க வேண்டுமென ஆணையிட்டபோது தஞ்சையிலும் பிற இடங்களிலும் எழுந்த பிளவுகளை நம் வரலாற்று நூல்கள் மறைக்கவில்லை. பாட்டு ஒன்றாயிருந்தது, உட்காரும் இடம் வேறாயிருந்தது. நந்தனார் கதையைக் கேட்டு அழுத பண்ணையாரை நாம் எளிதாகக் குறை கூறிவிட முடியாது.

அமெரிக்க நாட்டில் இதற்கு மாறானதொரு வரலாறு உண்டு. விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகள் பயின்ற பிஸ்க் கல்லூரி பொருளின்றித் தள்ளாடியபோது, அதன் மாணவர் சிலர் 1871இல் பாடகர் குழுவாகப் புறப்பட்டனர். தம் பெற்றோர் பருத்தித் தோட்டங்களில் பாடிய ஆன்மிகப் பாடல்களை வெள்ளையர் அவைகளில் பாடினர். 1873இல் விக்டோரியா அரசியார் முன்னும் பாடினர். அங்கும் கேட்டவர்கள் அழுதார்கள். ஆனால் கிடைத்த பணம் கட்டடமாகி அம்மக்களின் பிள்ளைகளுக்கே சேர்ந்தது. பாடியவரும் பாடப்பட்டவரும் அங்கே ஒருவரே.

இங்கே அந்நிலை வர நெடுநாள் சென்றது. 1968 திசம்பர் 25 இரவில், அன்றைய கீழைத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். கிறிஸ்து பிறப்பு நாளின் இரவு அது. நந்தன் தீயினுள் புகுந்து தூய்மையடைந்தான் என்ற பாட்டை அதன்பின் முன்போல் கேட்பது பலருக்கு இயலாததாயிற்று. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம் அத்தீயைத் தெய்வத் திருவிளையாடலாகக் காணாமல் மனிதர் மூட்டிய தீயாகவே கண்டது. கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலைக் கே. ஏ. குணசேகரன் மேடைதோறும் பாடினார். அப்பாட்டில் மன்றாட்டு இல்லை. உத்தரவு கேட்பதும் இல்லை. இதைப் பரப்பியது பெரிய இசை நிறுவனம் எதுவுமன்று. மேடைகளும் மலிவான ஒலிநாடாக்களும் போதுமாயிருந்தன.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005இல் மறைந்த ஜே. தியாப்பிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நம் ஊழியர் பலருக்கு அறிமுகமானவர். கருநாடக இசையும் மேனாட்டுப் பாமாலையும் எழுதி வைத்தபடியே பாடப்பட வேண்டியவை. நாட்டுப்புற இசையையோ பாடுகிறவர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆகவே அதை எவரும் பறித்துக்கொள்ள இயலாது என்பது அவர் கொண்ட கருத்து. அவரது கிராமிய இசை வழிபாட்டில் பறையும் நாட்டுப்புற மெட்டுகளும் ஆலயத்தினுள் வந்தன. தோல் கொடுத்தவன் வெளியே, தோல் முழங்குவது உள்ளே என்ற பழைய ஏற்பாட்டை நம் காலத்தில் இத்துணை நேராக எதிர்கொண்ட இசைவாணர் வேறொருவரை நாம் அறியோம்.

அவரது முடிவை எல்லாரும் ஏற்கவில்லை என்பதையும் குறிப்பிடல் வேண்டும். சாவுக்குப் பறையடித்தல் இழிதொழிலாகச் சுமத்தப்பட்ட கொடுமையை மறவாத பெரியவர்கள், இனி அதைத் தொடமாட்டோம் என்று உறுதி பூண்ட ஊர்கள் தமிழகத்தில் பல. அவ்வூர்களிலிருந்து வரும் பெற்றோர், தம் பிள்ளை ஆலயத்தில் அதே கருவியை ஏந்தி நிற்பதைக் கண்டால் மனம் குமுறுவது இயல்பே. அவர்களுடைய பிள்ளைகளோ, பகலில் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை செய்து, மாலையில் கலைக்குழுக்களில் பறை பயில்கின்றனர்; மேடைக்கு இவ்வளவு என்று ஊதியம் பேசி வாங்குகின்றனர். தந்தை கருவியை எறிந்ததும் மகன் அதை எடுத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான் என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் ஒரே வீட்டில் இவ்விரண்டும் வாக்குவாதமாகவே நிகழ்ந்துகொண்டிருக்கின்றன.